தூங்கவைக்காத இன்ஜின்

கார் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். பெயர்ப்பலகையில் இருக்கிற பெயர் இருவருடையதும் இல்லை; முன்பு அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவருடையது. பலகையை மாற்ற வேண்டும் என்று வருஷா வருஷம் பேச்சு எழும். பெயின்ட் வாங்கி வருவார்கள், அது ஏதாவது ஒரு வண்டியின் கதவுக்குப் போய்விடும்.

அப்பா போனபோது தம்பி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் தனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோதே, தம்பியும் எங்களோடுதான் இருப்பான் என்று சொல்லிவிட்டார். பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதும் இல்லை. தம்பிக்குக் கல்யாணமானதும் மாடியைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தார்.

வேலையிலும் பாகம் பிரித்திருந்தார்கள். அளவெடுத்துப் பொருத்துவது பெரியவர், வெல்டிங் சின்னவர். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைப்பதில்லை.

சின்னவரின் மாமனார் பேட்டரிக் கடைக்காரர். வேறு ஊரில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். அதில் மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. மாப்பிள்ளை கைக் கரிக்கு சோப்பு வாங்கியே என் பெண் ஓய்ந்துபோனாள் என்று போகிற இடமெல்லாம் சொல்வார். அவருடைய பழைய காரின் இன்ஜின் படுத்துவிட்டது. நசுங்கிப்போன வேறொரு காரிலிருந்து, ஒரு சுற்றுப் பெரிய இன்ஜினை எடுத்துவந்து பட்டறையில் இறக்கினார்.

"உங்க அண்ணன் இதை என் வண்டியில உக்கார வெச்சுட்டார்னா, நான் அப்புறம் வாயே திறக்கமாட்டேன் மாப்பிள்ளை. முடியலேன்னா கடைச்சாவி உங்க கையில."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் இன்ஜினைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சுலபத்தில் உட்காருகிற இன்ஜின் இல்லை. பழைய இன்ஜினைத் தாங்கிய இடங்கள் ஒரு பக்கம் இருந்தன, புதியதைப் பொருத்தும் காதுகள் வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் தள்ளினால் ஸ்டீயரிங் தண்டில் இடித்தது. முன்னால் இழுத்தால் ஃபேன் ரேடியேட்டரைத் தொட்டது. தூக்கினால் பானெட் மூடவில்லை. ("பானெட்டைத் திறந்துபோட்டு, தலையை வெளிய நீட்டி ஓட்டச் சொல்றீங்களா?" என்று மாமனார் போனில் கேட்டார்.) இறக்கினால், அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் முன் குறுக்குச் சட்டத்தில் முட்டியது. எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரியவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அட்டையில் வெட்டிப் பார்த்து, தகட்டில் வெட்டி, இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் செய்துவிட்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பிராக்கெட்டில் இரண்டு புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, இன்ஜினைத் தொங்கவிட்ட சங்கிலியைத் தளர்த்தி, அதன் முழுப் பாரமும் பிராக்கெட்டிலுள்ள ரப்பர் மேல் இறங்கும்படி ஒரு ராத்திரி விட்டுவிடுவார்கள். இன்ஜினைத் தூங்கவைப்பது என்று அதற்குப் பெயர். ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்று காலையில் பார்த்து, புள்ளியை உடைத்து, தூக்கிச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் முழு வெல்டிங். பெரியவரே கொண்டுவந்த பழக்கம். அதை மீறியதற்காகத் தம்பியை ஒருமுறை அடித்தும் இருக்கிறார்.

மறுநாள் மதியம் வண்டியைப் பார்க்க வருவதாக மாமனார் சொல்லியனுப்பினார். தம்பி, மனைவிக்கு ஏதோ வேலை என்று அவளோடு வெளியே போயிருந்தான். பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் வரும்வரை காத்திருந்தால், தூங்கவைத்தால், நாளை மதியத்துக்குள் எப்படி முடியும்? வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்க, முழுசாகவே வெல்டிங் வைத்தார். பாதி வேலையில் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். சங்கிலியை ஒருமுறை பார்த்தான். கசடு தட்டும் சுத்தியலை எடுத்துக் கொடுத்தான். "நல்லா பிடிச்சிருக்குண்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தையில் பெரியவருக்கு வயிறு நிறைந்தது.

காலையில் சங்கிலியைக் கழற்றினார்கள். ரப்பர் அமுங்கியது. இன்ஜின் மெதுவாக இறங்கி, சம்பைக் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றது. ஒரு தாள் நுழைய இடமில்லை.

ரப்பருக்கு அடியில் வாஷர் கொடுத்தார். அந்தப் பக்கம் எழும்பியது, ஃபேன் சாய்ந்தது. ஓட்டையை அரத்தால் நீட்டினார். கியர் தண்டு கோணலானது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், ஓட்டித்தான் பார்ப்போமே என்று ஸ்டார்ட் செய்தார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல வண்டி முழுவதும் அலறியது.

அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார். கேட்டுக்கொண்டு நின்றார். கேலி செய்வார் என்று பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரோ, பெரிய மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன அவசரம் என்றார்.

"வேண்டாம் மாமா" என்றான் தம்பி. "நான் கடைக்கு வந்துடறேன்."

மாமனார், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏதோ முனகிவிட்டுப் போனார்.

பெரியவர் இன்ஜினை அணைத்தார்.

"நேத்து சங்கிலி இறுக்கமா இருந்ததைப் பாத்தேல்ல?"

"பாத்தேண்ணே."

"ஏண்டா சொல்லல?"

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்க. அப்புறம் நான் எப்படிண்ணே போறது?"

பெரியவர் அவனை அடித்திருக்கலாம், அடித்தால் வாங்கியிருப்பான். கை எழவில்லை. பிராக்கெட்டை நான் வெட்டி எடுத்துத் தந்துவிட்டுப் போகட்டுமா என்று தம்பி கேட்டபோது, வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு ஆச்சரியமே இல்லை. புதுக் கடை வரப்போகிற ஊரில் தம்பி வீடு பார்த்து முடித்து ஒரு மாசமாகிறதாம். நேற்று பால் காய்ச்சத்தான் போயிருந்தார்களாம்.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்ககிட்ட யாரு சொல்றது? ஒண்ணு சொன்னா, அதைச் சரி பண்றேன்னு கிளம்பிடுவீங்க."

மாடியில் எதையோ இழுத்து நகர்த்துகிற சத்தம் கேட்டது. கட்டிலாக இருக்க வேண்டும். பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று அவள் கேட்டாள். ஊற்று என்றார். முதலில் ஊற்றியதையே அவர் இன்னும் வாயில் வைக்கவில்லை.