குளிக்காமல் ஊட்டிக்குப் போனவர்

மனுவேல் குளிக்காமல் ஊட்டிக்குப் போனவரில்லை. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்ததால், அந்த வாசனை தோலோடு ஒட்டிக்கொண்டது என்று அவருக்கு ஓர் எண்ணம். பேங்க்குக்குப் போனாலும் சரி, செருப்பு வாங்கப் போனாலும் சரி, கேத்தி ஊரிலுள்ள வீட்டில் முதலில் விறகடுப்பு எரிய வேண்டும். வெந்நீர்க் குளியல், சவரம், தேய்த்த சட்டை, அதன்மேல் கோட்டு. அதற்குள் பஸ் போய்விட்டால் அடுத்த பஸ். ரிட்டயர் ஆன பிறகும் இது மாறவில்லை. மனைவி ஜூடித் கேலி செய்து செய்து ஓய்ந்துபோயிருந்தாள்.

ஆடி மழையில் ஒருநாள் காலை, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிசைகிறது என்றார். முந்தின நாள் தின்ற உருளைக்கிழங்கு, வாயு என்று காரணத்தையும் அவரே சொன்னார். இடது கையும் வலிக்கிறது என்றதும் ஜூடித் பேச்சை வளர்க்கவில்லை. பக்கத்து வீட்டு ரமேஷைக் கூப்பிட்டாள். அவனிடம் கேரட் ஏற்றுகிற பிக்கப் வண்டி இருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட வாசலில் நிற்கிற வண்டி மேல் என்று அவன் அதைத் திருப்பி நிறுத்தப் போனான்.

மனுவேல் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி காய வை."

ஜூடித்தின் கை தானாக அடுப்புக்குப் போனது. விறகு நமுத்திருந்தது; ஊத ஊதப் புகைதான் வந்தது. நடுநடுவே ஓடிப்போய் ஆதார் அட்டை, மாத்திரைகள், ஃப்ளாஸ்க், கம்பளி என்று பையில் திணித்தாள். துண்டு எடுக்க வந்தவள், கண்ணாடி முன்னால் கன்னத்தில் சோப்பு தடவி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஆவி பறக்கிற குளிர். அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க."

"தண்ணி காஞ்சிருச்சா?"

"அடுப்ப அணைச்சாச்சுங்க."

"நாத்தத்தோட கொண்டுபோயி டாக்டர் முன்னாடி நிறுத்தப் போறியா?"

"பொணமானா ஊரே சேந்து குளிப்பாட்டுமுங்க. இப்ப எந்திரிங்க."

ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்த முகத்தை ஈரத்துண்டால் துடைத்தாள். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டினாள். ரமேஷ் அவரைத் தாங்கி வண்டியில் ஏற்றினான். கேரட் மண் நாறுகிறது, பாதிச் சவரத்தோடு இழுத்துக்கொண்டு போகிறாள் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். லவ்டேல் தாண்டியதும் முனகல் நின்றது. அப்போதுதான் ஜூடித்துக்குப் பயம் வந்தது. தோளைத் தட்டி, "திட்டுங்க" என்றாள். "நிறுத்தாம திட்டுங்க."

ஊட்டி ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் அவருடைய கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. நர்ஸ் கோட்டைக் கழற்றி ஜூடித் கையில் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கத்தரியால் வெட்டினாள். மாரடைப்பு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பி அடைப்பை எடுத்தார்கள்.

வீடு திரும்பிய மனுவேல், பார்க்க வருகிறவர்களிடம் நெஞ்சு வலியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குளிக்காமல் கேரட் வண்டியில் போன கதையைத்தான் சொல்கிறார். இப்போது தினமும் சாயங்காலமே குளித்து, சவரமும் செய்துகொண்டுதான் படுக்கிறார். எந்த நேரத்தில் கிளம்பச் சொன்னாலும் தயார் என்கிறார். ஆஸ்பத்திரிக்கா, ஆண்டவர்கிட்டயா என்று ரமேஷ் கேட்டதற்கு, எதுவானாலும் குளித்தாகிவிட்டது என்றார்.

ஜூடித் காய்ந்த விறகாகப் பார்த்துப் பொறுக்கி, மழை படாத மூலையில் தனியாக அடுக்கியிருக்கிறாள். அவர் குளிக்கிற வெந்நீருக்குத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.