சேர்மனுக்கும் அஞ்சு நிமிசம்

1. சீட் வந்த கதை

கேபிள் டி.வி. சீட் என் மேசைக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. டி.வி.யே கிடையாது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, அந்தப் பெட்டி சாத்தான் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஜன்னல் என்று நம்பியவர். கிரிக்கெட் இருந்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய், சாத்தானை அவர் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

அரசு அலுவலகத்தில் ‘சீட்’ என்றால் நாற்காலி இல்லை. அந்த நாற்காலியில் உட்காருகிற ஆளின் தலையில் கட்டுகிற வேலை. நான் அப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். தொண்ணூறுகளின் பின்பாதி. கேபிளுக்கென்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. ஒரு நிகழ்ச்சியால் ஊரில் கலவரம் வரும் என்று தோன்றினால் அதை நிறுத்தவும், கருவிகளைக் கைப்பற்றவும் கோட்டாட்சியருக்கு அதிகாரம். அந்தச் சுற்றறிக்கை பிரிவு பிரிவாகப் போய், எல்லோரும் ‘எங்களுடையது அல்ல’ என்று எழுதித் தள்ளி, கடைசியில் லீவில் இருந்த என் மேசையில் வந்து படுத்துக்கொண்டது. இளைய தலைமுறை ஊழியர்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை: புதுச் சட்டம் வரும் வாரத்தில் லீவு போடாதீர்கள்.

எங்கள் கோட்டாட்சியர் ஓய்வு பெறப் போகிற மனிதர். சர்க்கரை வியாதிக்காரர். பிரச்சினை என்று யார் வந்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார்.

“சார், எனக்கு கேபிளைப் பத்தி ஒண்ணும் தெரியாதே” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தெரிஞ்சவன் கையில குடுத்தா, அவன் ஆபீஸ் நேரத்துல படம் பாத்துக்கிட்டு இருப்பாம்மா.”

2. சுடலைமுத்துவின் மாடி

ஆற்றங்கரையில் ஒரு பேரூராட்சி. பேரைச் சொல்ல மாட்டேன். என் மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கேபிள் நடத்தியவர் சுடலைமுத்து. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், மாடியில் டிஷ் ஒன்றை நிமிர்த்தி வைத்து, தென்னை மரம், மின்கம்பம், கோயில் மதில் எல்லாவற்றின் மீதும் ஒயரை இழுத்து ஊரையே கட்டிப் போட்டிருந்தார்.

முதல் முறை ஆய்வுக்குப் போனபோது அவர் என்னைக் கட்டணம் கட்ட வந்தவள் என்று நினைத்து, “அக்கா, ஒங்க தெருவுல படம் புள்ளி புள்ளியா விழுதா?” என்றார். கோட்டாட்சியர் அலுவலகம் என்றதும் ஸ்டூலைத் துடைத்தார். பிறகு தன் முகத்தைத் துடைத்தார்.

சாயங்காலமானால் அவர் மாடியிலிருந்தே ஒரு உள்ளூர் சேனல் ஓடும். காதுகுத்து கேசட், கோயில் கொடை விழா, சர்ச் அசன விருந்து, பள்ளி ஆண்டுவிழா, காணாமல் போன எருமை. இவற்றோடு ‘அஞ்சு நிமிசம்’ என்று ஒரு நிகழ்ச்சி. ஊரில் யார் வேண்டுமானாலும் மாடியேறி வரலாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே ஒரு கேமரா. ஐந்து நிமிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். நேரம் முடிந்தால் சுவரில் சிவப்பு பல்ப் எரியும். சுடலைமுத்து சுவிட்சை அணைத்துவிடுவார்.

“எதுக்கு இது?” என்று கேட்டேன்.

“படம் போட கேசட்டு சிக்காத அன்னைக்கு ஆரம்பிச்சதுக்கா. இப்ப நிறுத்தினா அடிக்க வாராவ. டீக்கடையில பேசுததத்தான் இங்கன வந்து பேசுதாவ. என்ன, இங்க எதுத்துப் பேச ஆளு கிடையாதுல்லா. அந்தச் சொகம்.”

பதிவு செய்த கேசட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒருவர் மூலத்துக்கு மருந்து சொன்னார். ஒருவர் தன் அண்ணன் பாகப்பிரிவினையில் ஏமாற்றியதைச் சொன்னார். மறுநாள் அந்த அண்ணன் வந்து, தம்பி நான்காம் வகுப்பில் பெயிலானதைச் சொன்னார். கலவரம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘ஆட்சேபகரமாக ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

3. பேச்சியம்மாள் கொண்டுவந்த செம்பு

பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் தெருக் குழாயில் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, குழாயில் காற்று வருகிறது. பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்து நடந்து சலித்துப்போய், ஒருநாள் சாயங்காலம் ஒரு பித்தளைச் செம்போடு மாடியேறிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர், கேமராவுக்கு முன்னால் செம்பைக் கவிழ்த்தார். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை.

“இதுதான் எங்க தெருத் தண்ணி. நல்லாப் பாத்துக்கிடுங்க. சேர்மன் அண்ணாச்சி வீட்டுத் தோட்டத்துல வாழைக்குத் தண்ணி பாயுது. வாழைக்கு ஓட்டு இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நாங்களும் வாழையாப் பொறந்திருப்போம்.”

மீதி நேரம் முழுவதும் செம்பைக் கவிழ்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பல்ப் எரிந்ததும் எழுந்து போனார்.

அந்த வருஷம்தான் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுச் சேர்மன் வந்திருந்தார். வெற்றி மாலை வாடுவதற்குள் இப்படி ஒரு செம்பு. மறுநாள் காலையில் எங்கள் அலுவலகத்துக்கு அவரே மனுவோடு வந்துவிட்டார். ‘மேற்படி நிகழ்ச்சி சமூக நல்லிணக்கத்துக்குக் குந்தகம் விளைவிப்பதால் கருவிகளைக் கைப்பற்ற வேண்டும்’ என்று இருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஊரில் பீடிக்கடை நடத்துகிறவர் சேர்மனின் மச்சினன். பேச்சியம்மாளுக்குச் சுற்ற இலையும் புகையிலைத் தூளும் கொடுப்பதை நிறுத்திவிட்டார். டி.வி.யில் மன்னிப்புக் கேட்டால்தான் இலை என்று சொல்லிவிட்டாராம்.

விசாரிக்கப் போனபோது அந்த அம்மாள் பீடி சுற்றும் தட்டைக் காலியாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பீடி சுற்றுகிற வீட்டில் பகலில் தட்டு நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

“மன்னிப்புக் கேக்கதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராதும்மா. பிள்ளையளுக்குச் சோறு வேணும்லா, கேட்டுருவேன். ஆனா என்ன சொல்லிக் கேக்க? தண்ணி வந்துது, நாந்தான் பொய் சொன்னேன்னா? தெருவுல இருக்கவ பூராம் காறித் துப்புவாளுவ. துப்ப எச்சி இருந்தா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கருவிகளை நான் கைப்பற்றினால் சுடலைமுத்து திரும்ப ரேடியோவுக்குப் போக வேண்டும். கைப்பற்றாவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்பதைச் சேர்மன் ஏற்கெனவே அலுவலக வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தார்.

“இந்தாம்மா, நான் நெனச்சா ஒன்னையத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன், பாத்துக்கோ.”

“பேச்சியம்மாள் தெருவுக்கா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். தைரியத்தில் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

4. விசாரணை

சேர்மன் மனு கொடுத்தால் கோட்டாட்சியரே போக வேண்டும். ஜீப்பில் வழி நெடுக அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். சுடலைமுத்துவின் மாடியில் எல்லோரும் கூடினோம். சேர்மன் விறைப்பாக நின்றார். பேச்சியம்மாள் மாடிப்படி ஓரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். சுடலைமுத்து அந்த கேசட்டைப் போட்டுக் காட்டினார். கவிழ்த்த செம்பு திரையில் நின்றபோது கோட்டாட்சியர் முதல் முறையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார்.

“கலவரம் வரும்னு எழுதியிருக்கீங்களே, யாருக்கும் யாருக்கும் மத்தியில?”

“எனக்கும் அவளுக்கும் மத்தியிலதான் சார்” என்றார் சேர்மன். வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார்.

“சரி. அந்தம்மாவுக்கு இலை நின்னுபோச்சாமே. அதுவும் கேபிள் கோளாறுதானா?”

சேர்மன் டிஷ்ஷைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “மச்சினன் யாவாரம் சார். நமக்குத் தெரியாது.”

“தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. நாளைக்குத் தொழிலாளர் அதிகாரிகிட்ட நானே பேசுறேன்.”

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். “சார், அந்தம்மா பேசின நாற்காலி இங்கனயேதான் கிடக்கு. அண்ணாச்சியும் உக்காந்து பதில் சொல்லட்டுமே. ரெண்டு பக்கமும் கேட்டாச்சுன்னு நாமளும் எழுதிரலாம்.”

பேச்சியம்மாளோடு சமமாக உட்காருவதா என்று சேர்மன் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேமராவைப் பார்த்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

“எப்ப வரணும்?” என்று கேட்டார்.

5. மீசை

அன்று சாயங்காலமே வந்தார். முகத்துக்குப் பவுடர் மாவு, தோளில் சரிகைத் துண்டு. கோட்டாட்சியர் மாத்திரை நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

சேர்மன் தொடங்கினார். தன் தாத்தா ஊருக்குச் சத்திரம் கட்டியது. அப்பா தேருக்கு வடம் கொடுத்தது. தான் சின்ன வயதில் ஆற்று வெள்ளத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்றியது. கன்றுக்குட்டி கரையேறுவதற்குள் சிவப்பு பல்ப் எரிந்துவிட்டது.

“என்னலே இது?” என்றார்.

“நேரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி.”

“நான் இன்னும் தண்ணிக்கே வரலயே!”

“எல்லாருக்கும் ஒரே அளவுதான் அண்ணாச்சி.” சுடலைமுத்துவின் கை சுவிட்சுக்குப் போனது.

“ஏலே, நான் சேர்மன்லே!”

இது ஊர் முழுக்க ஒளிபரப்பாகிவிட்டது. அவருக்கே அது உறைத்தது. முகத்து மாவு வேர்வையில் கோடு கோடாக இறங்க, கேமராவை நோக்கி விரலை நீட்டினார்.

“நாளைக்குக் காலையில வந்து பாருங்கவே! அந்தத் தெருக் குழாயில தண்ணி வரலேன்னா என் மீசைய எடுத்துருதேன்!”

சுவிட்ச் அணைந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். வெளியே போவதைக் குறிக்கிற இயக்கப் பதிவேட்டில் ஆய்வு என்று எழுதினேன், ஆனால் மீசையைப் பார்க்கத்தான் போனேன். தெருவில் நிற்க இடமில்லை. குடம் உள்ளவர்கள் குடத்தோடும், இல்லாதவர்கள் வெறுமனேயும் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டு சலூன்காரர்கூட வந்திருந்தார். கேட்டதற்கு, “சும்மாதான் வந்தேன், கத்தியெல்லாம் கொண்டாரல” என்றார். சட்டைப் பை புடைத்திருந்தது.

விடியும்போதே சேர்மன் குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு வால்வு வால்வாகச் சுற்றியிருக்கிறார். தெருமுக்கில் இருந்த வால்வை யாரோ இறுக்கி மூடி, மேலே மண்ணைத் தள்ளியிருந்தார்களாம். அந்த யாரோ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாய் முதலில் சீறியது. பிறகு இருமியது. ஒரு கை துருவைத் துப்பியது. கூட்டம் சேர்மனின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது.

கைதட்டினார்கள். சேர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேச்சியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் தெளிகிறவரை காத்திருந்து குடத்தை வைத்தார்.

அன்றே அவருக்கு இலையும் வந்துவிட்டது. சாயங்காலம் மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“தண்ணி வந்துது. சேர்மன் அண்ணாச்சி மீசைக்கு ஒரு கும்பிடு. நாளைக்கும் வரணும், நாளக்கழிச்சும் வரணும். மீசை தெனமும் மொகத்துலதான இருக்கு?”

6. பைல் மூடியது

சேர்மனுக்கு அந்த நாற்காலி ருசித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார ஆரம்பித்தார். கன்றுக்குட்டியைக் கரையேற்றினார், வேறு சில பிராணிகளையும் காப்பாற்றினார். இப்போது ஊர்க்காரர்களிடமிருந்து எங்களுக்கு மனு வந்தது: சேர்மனின் நிகழ்ச்சி பொது அமைதிக்குக் குந்தகம், தடை செய்க. ‘அனைவருக்கும் சம நேரம் வழங்கப்படுகிறது, தலையிடத் தேவையில்லை’ என்று பதில் எழுதினேன். மறுபடி யார் செம்போடு மாடியேறுவார்களோ என்ற பயம் சேர்மன் மனசில் இருந்ததால், தண்ணீரும் பெரும்பாலும் தவறாமல் வந்தது.

பழைய மனுவை முடிக்கக் குறிப்பு வைத்தேன்: ‘கருவிகள் கைப்பற்றப்படவில்லை. தற்போது புகார் ஏதுமில்லை. தண்ணீர் வருகிறது.’ கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தவர் நிறுத்திவிட்டார்.

“ஏம்மா மெர்சி, கேபிள் பைலுக்குள்ள தண்ணி எப்படிம்மா வந்துது?”

“சேர்மன் திறந்துவிட்டார் சார்.”

கண்ணை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சீட் பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒன்றை மூடச் சொல்லி மனு வந்தால், மனுவைப் படியுங்கள், சட்டத்தையும் படியுங்கள். அப்புறம் பைய வெளியே போய், மனு கொடுத்தவர் முந்தின நாள் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஊரில் விசாரியுங்கள்.