மீன் வாடித் தராசு

காலை ஒன்பது இருபது. நெடுந்தீவுக் கரையில், மீன் வாடியின் கூரைத் தடியில் வெறுந்தராசு ஒன்று காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு. மீன்பிடிக்கக் கடலில் இறங்கத் தடை. நிறுக்க மீன் இல்லை.

நான் யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றின் நிருபர். தீவுப் பிள்ளைகள் மெலிவதைப் பற்றி எழுத, மருத்துவமாது ஒருவருடன் அலைந்துகொண்டிருந்தேன். முதல் நாள் வேலணையில் தோட்டக்காரரின் பிள்ளைகளை அவருடைய ஸ்பிரிங் தராசில் நிறுத்தோம். இங்கே வரும்போது கடலில் வள்ளத்தை மறித்துச் சோதித்த கடற்படையினர் அந்தத் தராசை வைத்துக்கொண்டார்கள்.

பதினொன்றுக்குத் திரும்பும் வள்ளம். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மருத்துவமாது வாடித் தராசைக் கழுவச் சொன்னார்.

வரிசையில் முதலில் நின்றவள் ஒரு மீனவரின் மனைவி. இடுப்பில் ஒரு வயதுப் பெண்பிள்ளை. நிறை ஏழு கிலோவுக்குக் குறைந்தால்தான் சத்துமா. வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை என்றாள். ஆனாலும் பிள்ளையைத் தட்டில் வைக்க மனமில்லை.

"மிஸி, இது மீன் வைக்கிற தட்டெல்லோ?"

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர் தலை நிமிர்ந்தார். "ஏலம் கூறப்போறியளோ? பாரை எண்டால் நான் எடுப்பன்."

"உமக்குச் சின்னச் சூடை மீனும் மிஞ்சாது, அண்ணை. பேசாமல் வலையைப் பாரும்," என்றார் மருத்துவமாது.

தட்டில் வைத்ததும் பிள்ளை அலறியது. ஆறரைக் கிலோ.

பிள்ளையைத் தூக்கிப் பார்த்த மருத்துவமாதுவுக்கு ஏதோ உறுத்தியது. பையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத ஒரு கிலோ சத்துமாப் பொதியை எடுத்துத் தட்டில் வைத்தார். தொள்ளாயிரம் கிராம் படிக்கல்லுக்கே அது சமமாக நின்றது.

"படிக்கல்லு பாரம் கூட," என்றார்.

"அது இண்டைக்கோ தெரிஞ்சது?" கிழவர் சிரித்தார். "வாடி முதலாளி எங்கட மீனை இதிலதானே இவ்வளவு காலமும் நிறுத்தவர்."

கொப்பியின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். பிள்ளையின் உண்மை நிறை ஏழு கிலோ இருநூறு என்றேன். அந்தப் பெண் என் பென்சிலையே பார்த்தாள்.

"அப்ப மா இல்லையோ, மிஸி?"

துறையில் வள்ளக்காரர் கூப்பிட்டார். மருத்துவமாது அட்டையில் ஆறரை என்று எழுதினார். பிறகு என்னிடம், "தம்பி, நீர் என்ன எழுதப்போறீர்?"

"நீங்கள் எழுதினதைத்தான்."

மற்றப் பிள்ளைகளையும் அதே கல்லில் நிறுத்து முடித்து, ஓட்டமாகப் போய் வள்ளம் ஏறினோம். அலை பெரிது. கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். வேலணைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே நான் கண்ட வித்தியாசத்தில் எவ்வளவு பசி, எவ்வளவு இரும்பு என்று பிரிக்க ஏலவில்லை. கட்டுரையில் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தராசைப் பற்றி எழுதவில்லை.

அட்டையில் இருந்த ஆறரைக்கு, அடுத்த வள்ளத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பொதி சத்துமா போனது.