ஆர்.சி. புக்குக்கு வைத்த பொட்டு

இன்று காலை ஜெயங்கொண்டத்தில் அத்தை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் அப்பா. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கோயம்புத்தூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு, என் வயதுள்ள எங்கள் காரில் கிளம்பினோம்.

கீழப்பழுவூரில் போலீஸ்காரர் கை காட்டினார். அப்பா கம்பீரமாக ஆர்.சி. புக்கை நீட்டினார். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமத்தைப் போலீஸ்காரர் நகத்தால் சுரண்டினார். அடியில் தேதி இருந்தது.

“பதினஞ்சு வருசம் முடிஞ்சு நாலு மாசமாவுது. ரினிவல் பண்ணலியா?”

“பொட்டு மறைச்சிடுச்சுங்க சார். பத்தரைக்கு முகூர்த்தம், நாந்தான் தாய்மாமன்!”

“வண்டி இங்க நிக்கட்டும். மாமன் பஸ்ல போவட்டும்.”

அவரே கை காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தட்டை மடியில் வாங்கிக்கொண்டார்கள். வாழைத்தார் கண்டக்டர் தோளில். மண்டப வாசலில் பஸ் நின்றதும் பாதிப் பேர் தட்டோடு இறங்கிவந்து கொடுத்தார்கள்.

“எண்ணே, இம்புட்டு சனத்தோட சீரா!” அத்தை அழுதேவிட்டார். பத்து இருபத்தெட்டுக்குப் பாப்பா அப்பா மடியில்.

சரியாகத் தேதியின் மேல் பொட்டு வைத்த கலைஞன் நான்தான். இந்தப் பதிவை அப்பாவுக்கு மட்டும் மறைத்திருக்கிறேன். போட்டுக்கொடுக்கப் போவது உங்களில் யார்?