பதினெட்டு நாள் நின்ற கால்

கேழ்வரகுத் தாள் போரின் உச்சியில் நின்று, கீழிருந்து வருகிற கட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். வீசியவர் என் வீட்டுக்காரர். வேகம் போதவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டே ஒரு கட்டை எட்டிப் பிடித்தேன். கட்டு கைக்கு வந்தது, கால் போரைவிட்டுப் போய்விட்டது. ஐம்பதுகளில் ஒரு தை மாதம் அது. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்.

வலது முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எலும்பு கட்டுகிறவரை மாட்டுவண்டியில் கூட்டிவந்தார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். சித்திரையில் கட்டைப் பிரித்தபோது கால் நின்றது, நடந்தது. மடங்க மட்டும் மறுத்துவிட்டது.

"நட, நில்லு. பலவந்தமா மடக்காதே. தானா மடங்கினா உன் அதிர்ஷ்டம்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். தினமும் மஞ்சள் பத்து போட வேண்டும், கறியும் புளியும் ஆகாது என்று பத்தியமும் வைத்துவிட்டுப் போனார்.

மடங்காத காலோடு தரை அடுப்பில் எப்படிச் சமைப்பது? நாத்தனார் வந்து களி கிண்டிப் போட்டாள், நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரரை மண் குழைக்கச் சொல்லி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை போட்டு அதன்மேல் அடுப்பை வைத்தேன். "நின்னுக்கினே களி கிண்டுற துரைசாணியப் பாருங்கடி" என்று தெருவே வந்து சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்த வருஷமே தங்கள் வீட்டிலும் மேடை போட்டுக்கொண்டார்கள். அதை இப்போது சொல்லும்போதும் எனக்குத் தலை நிமிர்கிறது.

வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. பதினெட்டு நாளும் மத்தியானத்தில் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டுக் கதை படிப்பார்கள். கதை கேட்பதென்றால் எனக்கு உயிர். ஆனால் எங்கே உட்காருவது? காலை நீட்டினால் அம்மனைப் பார்த்து நீட்டியதாகும். நாற்காலி போட்டால், கதைப் புத்தகம் இருக்கிற மணையைவிட உயரத்தில் உட்கார்ந்ததாகும். ஊர்க்கவுண்டரே அங்கே தரையில்தான் உட்காருவார்.

"இந்த வருசம் வூட்லயே இரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"உட்கார முடியலன்னா நிக்கிறேன். நின்னா காது கேக்காதா?"

போனேன். பந்தலின் ஓரத்தில் புங்கமரத்தில் சாய்ந்து நின்றேன். படிப்பு முடிகிறவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நல்ல காலும் கெட்ட காலும் சேர்ந்து நடுங்கின. வீடு திரும்பும் வழியில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் யாரையும் தோளைக் கொடுக்க விடவில்லை.

இதற்கிடையில் ஒரு வேலை செய்திருந்தேன். பத்து ஒழுகி என் சேலையெல்லாம் மஞ்சள் கறை. துவைத்தும் போகாததால், கறை தெரியாமல் இருக்கட்டுமென்று இரண்டு சேலைகளையும் முழுசாக மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் குடத்தோடு வந்தாள். மேலத்தெருக்காரி, இடுப்பில் சோகை பிடித்த குழந்தை. மஞ்சள் கரைத்த தண்ணீரை என் பாதத்தில் ஊற்றி, அதில் விரலை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் தடவினாள். வேண்டுதல் எடுத்தவர்களுக்குத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வார்கள். மஞ்சள் சேலை, கறி தின்னாத வாய், உட்காராத கால். முட்டி குணமாக வேண்டி, நான் பதினெட்டு நாள் நிற்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது!

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நொண்டி என்று பார்த்த கண்கள் எல்லாம் என்னைக் கும்பிட்டபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இனித்தது. மறுநாளிலிருந்து மரத்தில் சாய்வதையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பெண் தினமும் குழந்தையோடு வர வர, இனிப்பு தொண்டையில் சிக்கியது.

"சொல்லிடேன், எதுக்கு அந்தப் பாவம்?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க போய் சொல்லுங்களேன்" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

பதினெட்டாம் நாள், கதையில் போர் முடிகிற நாள். காலையிலேயே கோயிலில் கூட்டம் நெரிந்தது. வேண்டுதல் எடுத்தவர்களுக்கு மாலை போட்டு முன்னால் நிறுத்துவார்கள். அவர்கள் முதலில் அம்மன் காலில் விழ, பிறகு ஊர் விழும். பூசாரி என் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார். மாலை கழுத்துக்கு வந்துவிட்டது. விழ வேண்டுமானால் முட்டி மடங்க வேண்டும். அது கிடக்கட்டும், அம்மன் முன்னால் பொய் மாலையை எப்படிச் சுமப்பது?

"எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "முட்டி மடங்கல. உட்கார முடியல. அதான் நின்னேன். சேலையில பத்துக் கறை, அதுக்குத்தான் மஞ்சள்ல முக்கினேன். சொல்லாம இருந்தது தப்புதான்."

மேலத்தெருக்காரி குடத்தோடு எழுந்து வந்தாள். முகத்தில் அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"வலிச்சுதா?" என்றாள்.

"உயிர் போச்சு."

"பதினெட்டு நாளுமா?"

தலையாட்டினேன்.

"நின்ன காலுக்குத்தானே தண்ணி ஊத்தினேன். நீ ஏன் நின்னேன்னு உன்னைக் கேட்டேனா?" என்றவள், என் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் ஒதுக்கி, குடத்தில் இருந்ததை முழுக்க அந்த வலது காலிலேயே ஊற்றினாள். பூசாரியைத் திரும்பிப் பார்த்து, "மாலை அங்கியே இருக்கட்டும்" என்றாள். மாலையைக் கழற்ற நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

உடுக்கை ஒலித்தது. கவுண்டர், கதை படித்தவர், என் வீட்டுக்காரர், குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு அவள், ஊர் மொத்தமும் மண்ணில் விழுந்து கும்பிட்டது. என் முட்டி மடங்கவில்லை. அத்தனை முதுகுகளுக்கு நடுவில், அம்மனும் நானும் மட்டும் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தோம்.