வெடிக்கிடங்கின் கூரை

பிச்சாட்டூர் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்துக் கிடங்கு கட்டியபோது நான் அங்கே ஸ்டோர்கீப்பர். கட்டடத்துக்கு வரைபடம் போட்ட ஓவர்சியர் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானை அவிழ்க்க மாட்டார். இந்த ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் காய்ந்த சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார்.

சுவர் முழுக்கக் கனத்த கான்கிரீட், கூரைக்கோ மெல்லிய சிமென்ட் ஷீட்.

"மேலயும் கான்கிரீட் போட்டா கெட்டியா இருக்குமே சார்?" என்றேன்.

"வெடிச்சா அது போவ ஒரு வழி வோணும்பா. மேல லேசா உட்டா ஆகாசத்துக்குப் பூடும். எல்லாத்தியும் அடச்சிட்டா, செவுரே பேத்துக்கினு ஊரு மேல வுழும்."

அன்று மதியமே அவருக்குத் தந்தி வந்தது. படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார்?"

"அம்மா தவறிட்டாங்க. நேத்தே எடுத்துட்டாங்களாம்."

எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிக் காதை வைத்தார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. மறுநாளும் கழுத்துவரை பொத்தான் போட்டு வேலைக்கு வந்தார்.

கிடங்குக்கு அத்தனை யோசித்து லேசான கூரை வைத்த மனிதருக்கு, யார் கான்கிரீட்டில் கூரை போட்டார்களோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.