கோபிக்கு வீடு பார்க்கப் போன புதன்கிழமை

காலை 7.10. காந்திபுரத்தில் கோபிசெட்டிபாளையம் பேருந்தில் ஏறினோம், நானும் என் எட்டு வயது மகள் எஸ்தரும். அவிநாசி, நம்பியூர் வழியாக ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். எனக்கு எழுபது ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட்.

பீளமேட்டில் என் கணவர் வேலை பார்த்த பம்பு கம்பெனியை மூடிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை அவர் கோபியில் ஓர் அரிசி ஆலையில் சேர வேண்டும். அதற்குள் வீடு வேண்டும். போன வாரம் பார்த்த இரண்டு வீடுகளும் ஒரே காரணத்தால் தட்டிப்போயின: எஸ்தர் பள்ளிக்கூடம் போவதில்லை, நான்தான் வீட்டில் பாடம் சொல்லித்தருகிறேன். "உங்களுக்கு ஊடு குடுத்தா நாலு பேரு என்னையக் கேப்பாங்க" என்றார் ஒருவர்.

மென்பொருள் சோதனை வேலையில் இருந்தவள் நான். பட்டியல் இல்லாமல் எங்கும் போக மாட்டேன். இந்த முறை என் நோட்டில் பன்னிரண்டு வரிகள், வீட்டில் பார்க்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும். ஒன்பதாவது: பள்ளி பற்றிக் கேட்டால், 'இனிமேல்தான் சேர்க்கணும்' என்று சொல்லவும். "கர்த்தாவே, நீர் வைத்திருக்கும் வீட்டைக் காட்டும்" என்று கணவர் ஜெபித்து அனுப்பியபோது ஆமென் சொன்னேன். ஒன்பதாவது வரியை அடிக்கவில்லை.

8.15, அவிநாசி. நடத்துநர் எஸ்தரிடம் குனிந்தார். "ஏங்கண்ணு, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவுங்களா?"

"ஆமாங்க" என்று முந்திக்கொண்டேன்.

அவர் நகர்ந்ததும் எஸ்தர் கணக்கு நோட்டைக் காட்டினாள். "லீவுன்னா இதை வெச்சிரட்டுமாம்மா?"

"பின்னக் கணக்கு நாலையும் போடு."

நம்பியூர் தாண்டுவதற்குள் நாலையும் போட்டுவிட்டாள்.

9.50, கோபி. வாய்க்கால், நெல் வயல், வாழைத்தோட்டம் எல்லாவற்றையும் தாண்டி ஆட்டோ எங்களை இறக்கியது, அறுபது ரூபாய். வீட்டுக்காரம்மா மாடியில் இருக்கிறார், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். கீழ்வீடு வாடகைக்கு. இரண்டு அறை, கிழக்கே ஜன்னல், ஏழாயிரம். எட்டு வரிகளுக்கு டிக் போட்டுவிட்டேன்.

"பாப்பா எங்கீங்க படிக்கிது?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பாடத்தில் தெரியாத இடம் வந்தால் அப்படித்தான் பார்ப்பாள், பதில் என்னிடம் இருக்கும் என்று.

"வீட்லதாங்க. நான் சொல்லிக்குடுக்கறேன். இங்க வந்தாலும் அப்படித்தாங்க."

அவர் மாடிப்படி ஏறத் தொடங்கினார். நான் பட்டியல் நோட்டை மூடினேன். பாதிப் படியில் திரும்பினார்.

"அப்பப் பகல்ல ஊட்ல ஆளிருப்பீங்களா?"

"இருப்போங்க."

"ஆத்துத்தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருமுங்க. பத்து மணிக்கும் வரும், ரெண்டு மணிக்கும் வரும். முன்ன இருந்தவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, நான் கடைக்குப் போயிருவேன். மூணு தடவ தண்ணிய உட்டுப்போட்டோம். பாடம் நடத்தறப்ப ஒரு கண்ணு கொழாய் மேல வெச்சுக்கங்க அம்மணி."

"தொட்டி எத்தனை லிட்டருங்க?" என்றாள் எஸ்தர்.

"பார்றா! டீச்சர் மகளாச்சே!" மேலே போய்ச் சாவியோடு வந்தார்.

மதியம் 1.15, திரும்பும் பேருந்து. பீளமேட்டில் மாடித்தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் நினைத்ததேயில்லை. மாதச் சம்பளமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இனி கோபியில் தண்ணீர் வரும் மணி தெரியாது. வரும்போது வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோட்டைத் திறந்து ஒன்பதாவது வரியை அடித்தேன்.

காலையில் வந்த அதே நடத்துநர். "லீவு நல்லாப் போச்சுங்களா கண்ணு?"

"லீவில்லைங்க" என்றேன்.

எஸ்தர் நான்கு பின்னக் கணக்குகளையும் அவருக்கு விரித்துக் காட்டினாள்.